மண்டபத்துக்கு எல்இடி வால்: பி2.6 எடுக்கவா, பி3.91 போதுமா?

மண்டபம்73:
கல்யாண மண்டப மேடைக்குப் பின்னால் 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் நிரந்தர எல்இடி வால் (பெரிய வீடியோ திரை) போடப் போகிறோம். முதல் வரிசை சோபா 6 மீட்டரில், கடைசி நாற்காலி 25 மீட்டரில். ஓடப்போவது முகூர்த்த லைவ், போட்டோ ஸ்லைடு, மணமக்கள் பெயர். ஒருவர் பி2.6 (புள்ளிக்குப் புள்ளி 2.6 மி.மீ. இடைவெளி) என்கிறார், இன்னொருவர் பி3.91 போதும் என்கிறார். விலை வித்தியாசம் பெரிது. வாசலில் பெயர் ஓட ஒரு வரிசை பி10 சிவப்பு போர்டும் வேண்டும்.

மேடைவெளிச்சம்:
லைவும் போட்டோவும்தான் என்றால் பி3.91 போதும். 500க்கு 500 மி.மீ. பெட்டி ஒன்றில் 128க்கு 128 பிக்சல். உங்களுக்கு 60 பெட்டி, மொத்தம் 1280க்கு 768. கேமராவின் 720பி (1280க்கு 720) படம் அப்படியே பிக்சலுக்குப் பிக்சல் உட்கார்ந்து, 48 வரி (பிக்சல் வரிசை) மிஞ்சும். படத்தை மேலே ஏற்றிவிட்டு அந்த 48 வரியில் மணமக்கள் பெயரைப் போடுங்கள். அந்தப் பட்டை கிட்டத்தட்ட 19 செ.மீ. உயரம் வரும்.

பிட்சைவிட (புள்ளி இடைவெளி) முக்கியம் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. மணமக்களுக்குப் பின்னாலேயே வால் நிற்பதால் எல்லாப் போட்டோவிலும் அது விழும். 1920 ஹெர்ட்ஸ் எடுத்தால் ஷட்டர் வேகம் கூடும்போது படத்தில் கறுப்புக் கோடு வரும். 3840 கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். மணமக்கள் இருக்கையை வாலிலிருந்து 2 மீட்டராவது முன்னால் தள்ளுங்கள். பின்னணி ஃபோகஸில் இல்லாவிட்டால் போட்டோவில் அலை அலையாக விழும் மொய்ரே கோடுகள் குறையும்.

வாங்குமுன் வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கி, இருட்டான போட்டோ ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். மேடையில் அந்த அளவில்தான் ஓட்டுவீர்கள். முழு வெளிச்சத்தில் விட்டால் மணமக்கள் முகம் கறுத்துவிடும். புள்ளிகளை எரியவைக்கும் டிரைவர் ஐசி (சிப்) மட்டமானது என்றால் கருநீலம், பழுப்பு எல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பிக்சல்தம்பி:
மேலே சொன்னது சரி. கூடவே, படத்தை வாலின் அளவுக்கு மாற்றித் தரும் வீடியோ பிராசஸர் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் லேப்டாப்பின் 1920க்கு 1080 படத்தைக் கொடுத்தால் இடது மேல் மூலை மட்டும் வெட்டுப்பட்டுத் தெரியும். மொத்தம் 9.83 லட்சம் பிக்சல். வாலுக்குப் படத்தை அனுப்பும் சென்டர் (sender) கருவியின் ஒரு போர்ட் சுமார் 6.5 லட்சம் தாங்கும், ஆகவே இரண்டு போர்ட். பெட்டிக்கு நான்கு வீதம் 240 மாட்யூல் (எல்இடி பலகை) வரும். அதே பேட்சில் 10, 12 ஸ்பேர் இப்போதே வாங்கி வையுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒட்டாது, சுவரில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

வாசல் போர்டில் ஒரு வரிசை பி10 வேண்டாம். அதில் 16 வரிதான். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மேலே புள்ளிக்கும் ‘கீ’யின் சுழிக்கும், கீழே ‘கு’வின் வளைவுக்கும் இடம் போனால் எழுத்துக்கு 8, 9 வரிதான் மிஞ்சும்; ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு வரிசை போட்டு 32 வரி ஆக்குங்கள்: 6க்கு 2, மொத்தம் 12 மாட்யூல். தடித்த எழுத்துரு போடுங்கள், மெல்லிய கோடு மறைந்துவிடும். மொபைல் ஆப்பில் ‘கொ’, ‘ஸ்ரீ’ உடைந்தால் கம்ப்யூட்டரில் பெயரைப் படமாக்கி அனுப்புங்கள். 5 வோல்ட் 40 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இரண்டு வைத்து, மாட்யூலுக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள். 5 வோல்ட் ஒயர் நீண்டால் கடைசி மாட்யூல் மங்கும்.

மண்டபம்73:
நன்றி. மாதம் ஒன்றிரண்டு கம்பெனி மீட்டிங் வரும், பிபிடி, எக்செல் காட்டுவார்கள். அப்போதும் பி3.91 தானா?

மேடைவெளிச்சம்:
பிபிடிக்குத் தாங்கும். எழுத்தின் உயரம் ஸ்லைடில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும், அதாவது 36 வரி. எக்செல் கட்டங்கள் படிக்க வராது. பி3.91இல் புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றுசேர 13 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும், பி2.6இல் 9 மீட்டர். முகம் அசையும் லைவில் இது உறுத்தாது, அசையாத சின்ன எழுத்தில் உறுத்தும். மாதம் இரண்டு நாளுக்காக முழு வாலையும் பி2.6 ஆக்காதீர்கள். மேடை ஓரம் 75 அங்குல டிவி ஒன்றை ஸ்டாண்டில் வைத்தால் முன்வரிசைக்குப் போதும்.