தோட்டக் குளத்தில் பெரிய ஆமைகள்: பிடித்து அப்புறப்படுத்தலாமா?

கேள்வி (தோட்டக்காரர், வேளச்சேரி):
வணக்கம். திருப்போரூர் அருகே எங்கள் தோட்டத்துக் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறோம். மழைக்காலம் முடிந்ததிலிருந்து, ஓடு மட்டுமே ஓரடி இருக்கும் இரண்டு ஆமைகள் கரையில் தென்படுகின்றன. வலையில் சிக்கிய ஒன்றை விடுவிக்கப் போன பணியாளரை அது கழுத்தை நீட்டிக் கடிக்க வந்ததால், இது அமெரிக்காவின் ஸ்னாப்பிங் ஆமையாக இருக்கலாம் என்கிறான் என் தம்பி மகன். மீன்குஞ்சுகளும் குறைந்து வருகின்றன. விடுமுறையில் பிள்ளைகள் குளிப்பதும் இங்கேதான். இவற்றைப் பிடித்துப் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

பதில் (ஊர்வன ஆர்வலர்):
ஐயா, தயவுசெய்து பிடிக்க வேண்டாம். ஸ்னாப்பிங் ஆமையின் தாயகம் தென் கனடாவிலிருந்து ஃப்ளோரிடா வரையிலான பகுதி. அதன் அடி ஓடு மிகச் சிறியது என்பதால் தலையையும் கால்களையும் முழுமையாக உள்ளிழுத்துக்கொள்ள அதனால் இயலாது. நீண்ட வாலின் மேல் முதலை வாலைப் போல முள்வரிசை இருக்கும். நீங்கள் பார்த்ததன் ஓடு தோல் போர்த்தியதுபோல் வழவழப்பாகவும், மூக்கு சிறு குழாயாக நீண்டும் இருந்தால், அது நம் ஊர் ஏரி குளங்களில் காலங்காலமாக வாழும் பாலாமைதான். கையில் எடுத்தால் அதுவும் கடிக்கும். ஆனால் தண்ணீரில் மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும்.

பதில் (வழக்கறிஞர், சைதாப்பேட்டை):
பாலாமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் உயிரினங்களுக்கான முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும், முட்டைகளைக் கலைப்பதும்கூட அச்சட்டப்படி வேட்டையே. குளம் உங்கள் பட்டா நிலத்தில் இருப்பதால் விலக்கு எதுவும் கிடையாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஒருவேளை அது யாரோ வளர்த்துக் கைவிட்ட அயல்நாட்டு ஆமையாகவே இருந்தாலும் ஏரியில் விடுவது பெருந்தவறு. அங்குள்ள உயிர்களுக்கு அதனால் கேடு வரும். எதுவாயினும் தொலைவில் நின்று படமெடுத்து, வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

பதில் (மீன் வளர்ப்பவர், செங்கல்பட்டு):
குஞ்சுகள் குறைவதற்குப் பாலாமையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அது நத்தை, தவளை, செத்த மீன், நீர்த்தாவரம் என எல்லாவற்றையும் தின்னும்; வேகமாக நீந்தும் மீனைத் துரத்திப் பிடிப்பது அதற்கு எளிதல்ல. முதலில் குளத்தில் விரால் இருக்கிறதா, நீர்க்காகம் வருகிறதா என்று பாருங்கள். குஞ்சுகளை விரல் நீளம் வரும்வரை ஹாப்பா வலைக்குள் (குளத்துக்குள்ளேயே கம்பு நட்டுக் கட்டும், சிறு கண்ணிகள் கொண்ட வலைத்தொட்டி) வளர்த்துப் பிறகு திறந்துவிட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். செத்த மீனை அன்றன்றே அகற்றுங்கள். வலையை நீருக்கடியில் கேட்பாரற்று விட்டுவிடாதீர்கள். மூச்சுவிட மேலே வர முடியாமல் ஆமை உள்ளேயே மாண்டுவிடும். பிள்ளைகளுக்குக் குளிக்கும் துறையை மட்டும் கம்பிவலையால் தடுத்துக்கொடுத்தால் போதும்.

தோட்டக்காரர்:
மிக்க நன்றி. நீங்கள் சொன்ன குழாய் மூக்கைப் பணியாளரும் உறுதிசெய்தார். பிடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். மே மாதத்தில் குளத்தைத் தூர்வார ஜேசிபி பேசியிருக்கிறேன். அதில் ஏதும் சிக்கல் உண்டா?

ஊர்வன ஆர்வலர்:
உண்டு, ஐயா. நீர் வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். வெளியில் தடயமே தெரியாது. ஆகவே தேதியை வனத்துறையினருக்கு முன்னதாகவே சொல்லி, அவர்கள் முன்னிலையில் சேற்றை ஆட்கள் தேடிப் பார்த்த பிறகே இயந்திரத்தை இறக்குங்கள். முடிந்தால் ஒரு மூலையைத் தூர்வாராமல், ஈரம் காயாமல் விட்டுவையுங்கள்.