ஹல்க்: சிறைக்கப்பலா, மொட்டைக்கலமா?

ஐயா, வணக்கம்.

பெல்லராஃபன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பற்றிய கட்டுரையில் 'ஹல்க்' (பாய்மரம் கழற்றி, வெறும் உடம்பாக ஓரிடத்தில் நிறுத்திவைத்த பழைய கப்பல்) வரும் இடத்தில் தமிழில் 'சிறைக்கப்பல்' என்று போடலாம் என்றீர்கள். அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் என்றால் மறுப்பில்லை. 1786இல் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் இறக்கிய 74 பீரங்கிக் கப்பல். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த நைல், ட்ரஃபால்கர் கடற்போர்கள் இரண்டிலும் அடிபட்டது. 1815 ஜூலையில் நெப்போலியன் வந்து சரணடைந்ததும் அதில்தான். அதற்கப்புறம் பீரங்கி, பாய்மரம் எல்லாம் கழற்றி, ஷீர்னஸில் நிறுத்திக் கைதிகளை அடைத்தார்கள். 1824இல் பெயரையும் பிடுங்கிக்கொண்டு 'கேப்டிவிட்டி', அதாவது சிறைவாசம், என்று வைத்தார்கள். 1836இல் உடைக்க விற்றாயிற்று.

ஆனால் ட்ரஃபால்கரில் உடன் நின்ற டெமரேர் என்ற கப்பல்? முதலில் சிறை, பிறகு புதிதாகச் சேர்ந்த மாலுமிகள் தங்குமிடம், அப்புறம் உணவுக் கிடங்கு. வேலை பல, உடம்பு ஒன்று. வேறு கப்பல்களுக்குப் பாய்மரம் தூக்கி நட்டுக்கொடுத்த ஹல்க்குகளும் உண்டு. ஆகவே சொல் வேலையைக் குறிக்கக் கூடாது, உடம்பைக் குறிக்க வேண்டும். என் பரிந்துரை: மொட்டைக்கலம்.

தம்பி ஒருவர் தனிமடலில் மடக்கினார்: "நைல் போரில் பெல்லராஃபனுக்கு மூன்று பாய்மரமும் போனதே, அப்போதும் மொட்டைக்கலமா?" நல்ல கேள்வி. 1798இல் லோரியான் என்ற பிரம்மாண்டமான பிரெஞ்சுக் கப்பலோடு மோதி, செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறக்குறைய 200 பேர். அப்படியும் கிடைத்த கட்டைகளை நட்டுப் பாய் கட்டி, பிடிபட்ட ஸ்பார்சியாட் என்ற பிரெஞ்சுக் கப்பலையும் இழுத்துக்கொண்டு ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தது. அது மரம் முறிந்த கலம். முடி கொட்டினால் மொட்டை என்பதில்லையே. மொட்டை நாமாக அடிப்பது.

"அடித்த மொட்டையில் முடி வளருமே" என்று வீட்டம்மா கேட்டார். மொட்டை மாடியிலும் மொட்டைக் கோபுரத்திலும் என்ன வளர்ந்தது என்று சொல்லித் தப்பித்தேன்.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. 'சிறை மொட்டைக்கலம்' காதில் ஒட்டுகிறது. மருத்துவமனையாக்கிய ஹல்க்கை 'மருத்துவ மொட்டைக்கலம்' என்று சொல்லிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அங்கே மட்டும் 'மருத்துவக் கலம்' என்று விட்டுவிடலாமா?