அத்திமரம் போன தெருவில் எதை நடலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் தெருமுனையில் நின்ற அத்திமரத்தை வெட்டிவிட்டார்கள். பட்ட கிளையில் பொந்து குடைந்திருந்த குக்குறுவானின் குரலையும் அதன்பின் கேட்கவில்லை. மைனாவும் கொண்டைக்குருவியும் மட்டும் மின்கம்பியில் அமர்ந்து எச்சமிடுகின்றன. நேற்று கம்பிக்குக் கீழே குனிந்து எண்ணினேன்: 11 கன்றுகள். அதில் 9 உண்ணிச்செடி (வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களைப்புதர்)!

எச்சத்திலிருந்து உண்ணியே அதிகம் முளைப்பதன் காரணம் ஓரளவு புரிகிறது. சின்ன வாய்ப் பறவைகளால் பெரிய பழங்களை விழுங்க முடியாது. விழுங்கக்கூடிய, பெரிய அலகுள்ள இருவாச்சி போன்ற பறவைகள் எங்கள் தெருவின் கட்டடங்களுக்கு நடுவே வருவதில்லை. அத்தியின் விதையோ கடுகைவிடச் சிறியது. மரத்துக்கு மரம் வெவ்வேறு மாதங்களில் பழுப்பதால், வேறு பழம் கிடைக்காத நாளிலும் பறவைகளுக்குப் பசியாற்றும். மறுபடி அத்தியே நடலாம் என்றால், வேர் சுவரைப் பிளந்துவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். (அந்தப் பயம் பொய்யில்லை.)

குறுகிய தெருவுக்கு ஏற்ற, பறவைகள் விரும்பும் மண்ணின் மரங்கள் எவை? உண்ணியை இப்போதே பிடுங்கலாமா, அல்லது புதிய மரங்கள் காய்க்கும்வரை பறவைகளுக்காக விட்டுவைப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கன்றுகளின் படங்கள் வேண்டுமென்றால் பதிவிடுகிறேன்.