கோத்தகிரி ரோட்டுல அப்பா நினைவா வச்ச தென்னம்புள்ள எந்திரிக்க மாட்டேங்குது, என்னங்க பண்றது?

தோப்புவீட்டுப்பொண்ணு:

வணக்கங்க. இங்க தென்னை தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தான் கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நாங்க பொள்ளாச்சி பக்கம். அப்பா குட்டியானை வண்டி வச்சு இளநி லோடு அடிச்சிட்டு இருந்தாரு, எங்க தோப்புது கொஞ்சம், அக்கம்பக்கத்து தோப்புல வாங்கறது மிச்சம், வாரத்துக்கு ரெண்டு நடை ஊட்டிக்கு. ஏறும்போது குன்னூர் வழி, எறங்கும்போது கோத்தகிரி வழி. சீசன்ல போலீஸ்காரங்களே அப்படித்தான் திருப்பி விடுவாங்க, அவருக்கு அது வருசம் பூரா பழக்கமாயிருச்சு. 2023 டிசம்பர்ல காலி வண்டில எறங்கி வரும்போது அரவேணு தாண்டி ஒரு வளைவுல, நல்ல மூடுபனி, எதிர்ல லாரி. அதுக்கு மேல எழுத வரல.

அந்த வருசம் ஆடில அப்பா தோப்புல நல்ல நெட்டை மரமா பாத்து அஞ்சு வெதைக்காய் எடுத்து மணல்ல போட்டிருந்தாரு. அஞ்சும் மொளச்சுது. 2024 மே மாசம் அம்மா அதுல ஒண்ண தூக்கிட்டு போயி அந்த வளைவுல, ரோட்டுக்கும் தேயிலைக்கும் நடுவுல இருக்கற மண்ணுல நட்டுட்டாங்க. வேற எந்தச் செடி சொன்னாலும் கேக்கல, அவர் கை பட்ட புள்ள தான் அங்க நிக்கணும்னுட்டாங்க. போன்ல பாத்தா அந்த எடம் 1480 மீட்டர்னு காட்டுது.

மொத நாலஞ்சு மாசம் நல்லா வந்துச்சுங்க, மூணு ஓலை விட்டுச்சு, நாங்களும் சரி புடிச்சுக்கிச்சுன்னு நெனச்சோம். அந்த மார்கழி தையோட போச்சு. இப்ப முட்டிக்கு கொஞ்சம் மேல தான் உயரம். கீழ ஓலை நுனி காப்பித்தூள் கலர்ல காஞ்சு சுருண்டிருக்கு, நடு ஓலைல பூரா மஞ்சப் புள்ளி, வெளிச்சத்துல புடிச்சா எண்ணெ பட்ட காகிதமாட்டம் தெரியுது. குருத்து விரல் நீளத்துல அப்படியே நிக்குது. அம்மா அந்தக் குருத்து எது வரைக்கும் இருக்குன்னு பக்கத்து மட்டைல சாந்துப்பொட்டால ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. அவங்க இப்ப வெக்கறதில்ல, டப்பா சும்மா தான கெடந்துச்சு. மாசம் ஒருக்கா பொள்ளாச்சில இருந்து கோயமுத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அப்பறம் கோத்தகிரி பஸ்ஸு, டிரைவர்கிட்ட சொல்லி வளைவுல எறங்கிக்கறாங்க, கைல நம்ம தோப்புக் கெணத்துத் தண்ணி அஞ்சு லிட்டர் கேன். போயி அந்தக் கோட்ட பாக்கறாங்க. ஆறு மாசமா கோட்டத் தாண்டல.

சாணி எரு, வேப்பம்புண்ணாக்கு, ஒரு கை கல்லுப்பு எல்லாம் போட்டாச்சு. நானும் ரெண்டு தடவை யூரியா வச்சேன். குளிருக்கு பிளாஸ்டிக் சீட்டு கட்டுனோம், அங்க பிளாஸ்டிக் கூடாதுல்லங்க, யாரோ கழட்டிட்டாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. அப்பறம் கோணிச்சாக்கு சுத்துனோம், அது பனில நனஞ்சு எந்நேரமும் ஈரமாவே கெடக்கு. மிச்சம் நாலு புள்ளையும் வீட்டுல என் தலைக்கு மேல நிக்குது. இதுக்கு மட்டும் என்ன குடுத்தா வரும்? இல்ல வராதுன்னா அதையாவது யாராச்சும் நேரா சொல்லுங்க.

உரமூட்டை:

போரான் கொறபாடு மாதிரி தெரியுது, போராக்ஸ் 50 கிராம் வைங்க. கூடவே தென்னை டானிக் வேர்ல கட்டுங்க, 40 மில்லி டானிக்குக்கு 160 மில்லி தண்ணி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா. எங்க தோப்புல குரும்பை கொட்டறது நின்னே போச்சு. கண்டிப்பா ரிசல்ட் வரும்.

நெட்டைக்குட்டை:

உரமூட்டை தம்பி, வேர்ல டானிக் கட்டறது காய்க்கற மரத்துக்குப்பா. முட்டி உசரப் புள்ளைக்கு எந்த வேரத் தேடி கட்டுவ?

அம்மிணி, நான் நாப்பது வருசமா தென்னைல தான் இருக்கேன், ஆனமலை பக்கம். நேரா சொல்லுங்கன்னு கேட்டதால சொல்றேன். இது உரத்துல தீர்ற விசயம் இல்ல. தென்னைக்கு வருசம் பூரா சராசரி 27 டிகிரி வாக்குல சூடு இருந்தா தான் சொகம். 20க்கு கீழ போனா மெதுவாகும், 15க்கு கீழ போனா கிட்டத்தட்ட நின்னுக்கும். நீங்க சொல்ற எடத்துல மார்கழி தைல ராத்திரி பத்து டிகிரிக்கு பக்கத்துல வந்துரும், பகல்லயும் மூடாக்கு. அதுல வேரு தண்ணிய இழுக்காது, எருவ இழுக்காது, நீங்க என்னத்த கொட்டுனாலும் மண்ணுல தான் கெடக்கும். யூரியா வச்சது இன்னும் தப்பு, ஈரமும் குளிருமா இருக்கற வேருக்கு அது மருந்தில்ல, சூடு வச்ச மாதிரி.

மொதல்ல நல்லா வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அது அந்த எடத்தோட பலம் இல்லீங்க. மொளச்ச காய்க்குள்ள தேங்காப்பூ இருக்கும் பாருங்க, நாம சின்னதுல ஒடச்சுத் திம்போமே, அது தான் புள்ளைக்கு தாய்ப்பால். வருசம் ஒண்ணு, ஒண்ணேகால் வரைக்கும் அத வச்சே ஓலை விடும். ஆடில போட்ட காய்க்கு அடுத்த வருசம் ஐப்பசி வாக்குல அது தீர்ந்திருக்கும். தீர்ந்த நேரமும் குளிர் வந்த நேரமும் ஒண்ணா அமைஞ்சு போச்சு. உங்கப்பா போட்ட காயோட சத்துல தான் அந்த மூணு ஓலையும் வந்துச்சுன்னு வச்சுக்கோங்க.

பெங்களூர்ல 900 மீட்டர்ல தென்னை காய்க்குதேன்னு யாராச்சும் வருவாங்க. காய்க்குது தான். ஆனா நல்லா காய்க்கற தோப்புன்னா 600 மீட்டருக்குள்ள தான், பெங்களூருக்கும் உங்க வளைவுக்கும் இன்னும் ஒரு மலை வித்தியாசம் இருக்கு.

ஒண்ணு மட்டும் பாத்துட்டு சொல்லுங்க. குருத்த ரெண்டு விரலால புடிச்சு மெதுவா மேல இழுங்க, வெடுக்குன்னு வேண்டாம். கெட்டியா நின்னா உசுரு இருக்கு. கையோட வந்து அடில கொழகொழன்னு நாத்தம் அடிச்சா குருத்தழுகல், குளிரும் ஈரமும் சேந்த எடத்துல அது ரொம்ப சுலபமா புடிக்கும், நீங்க ஈரச்சாக்கு வேற சுத்தியிருக்கீங்க. அந்தச் சாக்க மொதல்ல எடுங்க.

மொறைவாசல்:

எல்லாரும் டெம்பரேச்சர் கணக்கு போடறீங்க, அந்தம்மா மனசு கணக்கு யாரும் போடல. ரெண்டு வருசம் நின்ன செடி மூணாவது வருசம் எந்திரிக்காதா என்ன. செத்தவங்க எடத்துல வச்சத புடுங்கறது எங்க ஊர்ல ஆகாது. சுத்தி கருங்கல்லா அடுக்கி விடுங்க, பகல் வெயில்ல சூடு ஏறி ராத்திரி மெதுவா விடும், மேல ஒரு சின்ன தகர கொட்டாய் போடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அரவேணு_டீ:

நான் அந்த ஊர்க்காரன். தங்கச்சி, அந்த தென்னம்புள்ளய எனக்குத் தெரியும். வேலைக்குப் போற வழி. சாக்கு சுத்தி நிக்கறத பாத்து, யாருடா இந்தக் குளிர்ல தென்னைய கொண்டாந்து வச்சதுன்னு நாங்க பேசிக்குவோம், சில நாள் சிரிச்சும் இருக்கோம். மன்னிச்சுக்கோ. உங்கம்மாவையும் ஒரு நாள் பாத்திருக்கேன்னு நெனக்கறேன், கேன வச்சுட்டு கல்லு மேல உக்காந்திருந்தாங்க, பஸ்ஸுக்கு நிக்கறாங்கன்னு தான் நெனச்சேன்.

மொறைவாசல் அண்ணே சொல்ற கல்லு ஐடியா சமவெளில சரி. இங்க கல்லு சூடாகறதுக்கு வெயில் வேணும்ல? அந்த வளைவுக்கு மேக்கால பூரா சில்வர் ஓக், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நெழல். ஆனி ஆடில மூடாக்கு, ஐப்பசி கார்த்திகைல மழை, அது விட்டா குளிர். ஊட்டிகிட்ட இருக்கற தலைக்குந்தா மாதிரி உறைபனி எங்க பக்கம் விழாது, ஆனா ஜனவரில காலைல வண்டி சீட்டு நனஞ்சு ஐஸாட்டம் இருக்கும். மண்ணும் தேயிலைக்கு ஏத்த புளிச்ச மண்ணு. கல்லாறு, பர்லியாறு பக்கம் வரைக்கும் பாக்கு மரம் நல்லா பாக்கலாம், அதுக்கு மேல வந்தா தேயிலை தான்.

குன்னூர் சிம்ஸ் பூங்கால பனை மாதிரி மரமெல்லாம் நிக்குதேன்னு கேட்டா, அதெல்லாம் குளிர் தாங்கற வகை. சீனாப்பக்கத்து விசிறிப்பனை ஒண்ணு இருக்கு, பனி கொட்டுனாலும் நிக்கும். அதுல இளநி வராது, உங்கப்பாவுக்கு அது எதுக்கு.

இன்னொண்ணு, சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சு தான் சொல்றேன். அது வளரலன்னு வருத்தப்படறீங்க. வளந்தா என்னாகும்? கீழ குஞ்சப்பனைல பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுலயே நிக்கும், அந்த ரோட்டுல வண்டி ஓட்டறவங்களுக்கு எல்லாம் தெரியும். தென்னங்குருத்துன்னா அதுக்கு உசுரு. நம்ம எடம் வரைக்கும் ஏறாதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். வளைவுல, மூடுபனில, யானை இழுக்கற மாதிரி ஒரு மரம், நெனச்சுப் பாருங்க. ரோடு அகலப்படுத்துனாலும் மொதல்ல போறது அந்த மண்ணு தான்.

கனடாத்_தேங்காய்:

நான் உங்கட கதைய வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் ஒண்டும் எழுதேல்ல. டொரொண்டோவில நானும் ஒரு தேங்காய சட்டியில வச்சனான், அம்மா செத்த வருசம். ஹீட்டருக்குப் பக்கத்தில, யன்னல் வெளிச்சத்தில. ரெண்டு வருசம் நிண்டது, மூண்டாவது வின்டரில போயிட்டுது. ஒரு ஓலையக் காய வச்சு எடுத்து வச்சிருக்கிறன். நான் அதக் கொண்டு போய் நட ஊரில காணி இல்ல. உங்களுக்குத் தோப்பு இருக்கெல்லோ.

தோப்புவீட்டுப்பொண்ணு:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கெழம நானும் அம்மாவும் போனோம். சாக்க எடுத்துட்டு நெட்டைக்குட்டை ஐயா சொன்ன மாதிரி குருத்த இழுத்துப் பாத்தேன், கெட்டியா நிக்குது, மோந்தும் பாத்தேன், நாத்தம் இல்ல, பச்சை வாசம் தான். சாக்குக்கு உள்ள ரெண்டு நத்தை.

அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு பஸ்ஸுல பூரா யோசிச்சுட்டே வந்தேன். குளிர் கணக்கு சொன்னேன், கேக்கல. யானை சொன்னேன், அவர் வண்டியே யானை தானன்னாங்க. கடைசில அந்தத் தேங்காப்பூ விசயத்த சொன்னேன், மூணு ஓலையும் அப்பா போட்ட காய்ல இருந்தே தின்னு வந்துதுன்னு. அதுக்கு ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, அப்ப ஒரு வருசத்துக்கும் மேல பசியோடயா நிக்குதுன்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். பொய் சொல்லியிருக்கலாமோ தெரியல.

வீட்டுக்கு வந்து ராத்திரி சோத்துல கைய வச்சுட்டு, எடுத்துட்டு வந்துரலாம்னு அவங்களே சொன்னாங்க. மொறைவாசல் அண்ணா, நீங்க சொன்னதையும் சொன்னேன். புடுங்கறது தான் ஆகாது, வீட்டுக்கு கூட்டிட்டு வர்றது எப்படி ஆகாம போகும்ங்கறாங்க. ஆனா அந்த எடத்த சும்மா விட மனசில்ல அவங்களுக்கு. எப்படி எடுக்கறது, எப்ப எடுக்கறது, எடுத்தா பொழைக்குமா?

நெட்டைக்குட்டை:

பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் அம்மிணி, பாதிக்கு மேல நம்பிக்கை இருக்கு. குளிர் போகட்டும்னு காத்திருக்காதீங்க, அங்க இருக்கற ஒவ்வொரு நாளும் அதுக்கு செலவு தான். தண்டுல இருந்து ஒரு அடி தள்ளி சுத்தி வட்டமா மண்வெட்டிய எறக்குங்க, கடப்பாறைல நெம்பாதீங்க, வேரு அறுந்துரும். மண்ணோட உருண்டையா தூக்கி கோணிச்சாக்குல வச்சு சணல்ல இறுக்கிக் கட்டுங்க. சாக்கு இப்ப தான் உபயோகம். வண்டில நிக்க வச்சே கொண்டாங்க, ஓலைய துணில சுத்திருங்க, காத்து பட்டு காஞ்சுரும்.

வந்த ஒடனே நேரா வெயில்ல வச்சா செத்துரும், ரெண்டு வருசமா வெயில் பாக்காத புள்ள. இருவது நாள் பெரிய மரத்து நெழல்ல வைங்க. அப்பறம் மூணடிக்கு மூணடி குழி, அடில மணலும் எருவும். ஆறு மாசத்துக்கு உரம் பேச்சே வேண்டாம், தண்ணி மட்டும். ஒரு முன்னெச்சரிக்கைக்கு ஒரு சதம் போர்டோ கலவை குருத்துல ஊத்துங்க, 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியா கரைச்சு பிளாஸ்டிக் வாளில கலக்கணும், இரும்பு வாளி ஆகாது. வீட்டுல இருக்கற நாலோட வளத்திய ஒப்பிட்டுப் பாக்காதீங்க, இது எப்பவும் குட்டையா தான் இருக்கும்.

அரவேணு_டீ:

எந்த நாள்னு மட்டும் சொல்லு தங்கச்சி, நான் மண்வெட்டியோட வந்தர்றேன். அங்க சும்மா விட மனசில்லன்னா எங்க வீட்டு வேலியோரம் ஹைட்ரேஞ்சியா நீலமா பூத்துக் கெடக்கும், பத்து குச்சி வெட்டி வேர் புடிக்க வச்சிருக்கேன். புளிச்ச மண்ணுல தான் அது நீலம், உங்க ஊர்ல வச்சா ரோஸ் ஆயிரும், அதனால இது இங்க தான் நிக்கணும். தண்ணி கேனெல்லாம் சொமந்துட்டு வர வேண்டாம், நான் தெனம் அந்த வழி தான் போறேன். காட்டுமாடும் எங்க வீட்டுல அத பெருசா தொடறதில்ல.

அம்மா மாசா மாசம் வரணும்னா வரட்டும். ஆனா எடுத்துட்டு கெளம்பற அன்னைக்கு மட்டும் மூணு மணிக்குள்ள எறங்கிருங்க. சாயந்தரம் மூடாக்கு போட்டுருச்சுன்னா அந்த வளைவுல வண்டிய நிறுத்தி எதையும் ஏத்தக் கூடாது. எறங்கும்போது செகண்ட் கியர்.

தோப்புவீட்டுப்பொண்ணு:

வர்ற ஞாயிறு வர்றோங்ணா. சித்தப்பா வண்டி தான், அதுவும் குட்டியானை. அம்மா உங்களுக்கு பத்து இளநி கொண்டாறாங்களாம், வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த மட்டைல போட்ட சாந்துக்கோடு வழில அழிஞ்சுரக் கூடாதுங்கறாங்க, அதுக்கு மேல என்ன சுத்துனா அழியாது?