ரிமோட் யார் கையில? வீட்டு டிவில டென்னிஸ் பார்த்த அனுபவம் சொல்லுங்க

குடந்தைக்காரி:
நானே ஆரம்பிக்கிறேன். 2019 ஜூலை 14, ஞாயித்துக்கிழமை. லண்டன்ல ஒரு பக்கம் லார்ட்ஸ்ல உலகக்கோப்பை ஃபைனல், இன்னொரு பக்கம் விம்பிள்டன்ல ஃபெடரர் ஜோகோவிச் ஃபைனல், எங்க வீட்ல இருக்கறதோ ஒரே ஒரு டிவி. செமில இந்தியா தோத்தாச்சு, இனி அப்பா கிரிக்கெட் பக்கமே திரும்ப மாட்டார்னு நம்பி ஆறரைக்கு ஹாலுக்கு வந்தா, மனுஷன் மத்தியானத்துலேருந்து ரிமோட்ட விடல. "நம்மள தோக்கடிச்ச நியூசிலாந்து என்ன கிழிக்கறான்னு பார்க்க வேணாமா"ங்கறார். பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம், கிரிக்கெட்ல விளம்பரம் வந்தா டென்னிஸ், டென்னிஸ்ல ரெண்டு பேரும் சேர்ல போய் உக்காந்தா கிரிக்கெட்.

அம்மாக்கு டென்னிஸ் தெரியாது, ஃபெடரர மட்டும் தெரியும். "அந்தப் பையனுக்கு வேர்க்கறதே இல்லடி, பார்த்தியா"ம்பாங்க (பையனுக்கு அப்போ 38 ஆகப்போகுது). ஸ்கோர் மட்டும் ஒத்துக்கவே மாட்டாங்க, பதினஞ்சு, முப்பது, அடுத்து நாப்பத்தஞ்சு தானே, ஏன் நாப்பதுங்கறாங்க, அந்த அஞ்சை யார் எடுத்துக்கிட்டான்னு வருஷா வருஷம் கேப்பாங்க.

அஞ்சாவது செட் 8-7, ஃபெடரர் சர்வ், 40-15. ரெண்டு மேட்ச் பாயிண்ட், அதுல ஒண்ணு எடுத்தாலும் கப் அவனுக்கு. நான் போட்ட கத்துல அம்மா தோசைத் திருப்பியோட கிச்சன் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. மொத பாயிண்ட், ஃபோர்ஹேண்ட் வெளிய போச்சு. அடுத்தது, இவன் அடிச்சுட்டு நெட்டுக்கு ஏறி வர்றான், ஜோகோவிச் குறுக்க ஒரு ஷாட் விட்டான் பாருங்க, இவனால தொடக்கூட முடியல. ட்யூஸ், அதாவது 40-40 சமம். உள்ள தோசை கருகற வாசனை. அந்த நேரம் பார்த்து அப்பா "ரெண்டே பால்மா, இங்கிலாந்துக்கு ஸ்டோக்ஸ் ஆடிட்டு இருக்கான்"னு மாத்திட்டார், திரும்பி வந்தா 8-8.

அவ்ளோதான். "நீங்க மாத்தினதால தான் போச்சு"ன்னு அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. அவர் மாத்தறதுக்கு முன்னாடியே ரெண்டு பாயிண்டும் போயாச்சுங்கறது வேற விஷயம். இன்னும் கேட்டா அம்மா கிச்சன்ல இருந்த வரைக்கும் ஃபெடரர் நல்லாத்தான் ஆடிட்டு இருந்தான், ஆனா அதை நான் சொல்லல, மறுநாள் டிபன் வேணுமே.

கடைசி செட் 12-12 ஆச்சுன்னா டைபிரேக் (செட்ட முடிச்சு வைக்க ஒரு குட்டி ஆட்டம்)னு அந்த வருஷம் தான் புது ரூல், அதுலயும் தோத்தான். 4 மணி 57 நிமிஷம். மொத்த பாயிண்ட் கணக்கு போட்டாங்க பாருங்க, ஃபெடரர் 218, ஜெயிச்ச ஜோகோவிச் 204! வயிறு எரிஞ்சுது. சரின்னு கிரிக்கெட்டுக்கு வந்தா அங்க ரெண்டு பேருமே 241, சூப்பர் ஓவர்லயும் ஆளுக்கு 15, பவுண்டரிய எண்ணி 26க்கு 17னு இங்கிலாந்துக்கு குடுத்துட்டாங்க. அப்பா ரிமோட்ட வச்சுட்டு "அங்க அதிகம் எடுத்தவன் தோத்தான், இங்க சமமா எடுத்தும் ஒருத்தன் தோத்தான், என்ன கணக்குடா இது"ன்னார். அம்மா உள்ள இருந்தே, "நாப்பத்தஞ்ச நாப்பதுங்கற ஊரு, அங்க போய் கணக்கு பார்க்கறீங்களே."

மேலூர் பையன்:
அக்கா உங்க வீட்லயாவது ரிமோட் சண்டை, எங்க வீட்ல ஈபி கூட சண்டை. 2012 ஜனவரி, ஆஸ்திரேலியன் ஓபன் ஃபைனல், நடால் ஜோகோவிச், கரண்ட் கட் உச்சத்துல இருந்த சமயம். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது, நடுவுல கரண்ட் போய் வந்தப்பவும் இவனுங்க ஆடிட்டே தான் இருந்தானுங்க. நாலாவது செட்ல அங்க மழைன்னு கூரையை இழுத்து மூடினாங்க, அட பாவிகளா அவனுக்கு மழைக்குக்கூட ஒரு ஸ்விட்ச் இருக்குன்னு தாத்தா ஒரே ஆச்சரியம். அஞ்சாவது செட், நடால் 4-2ல லீடிங், டப்புனு கரண்ட் போச்சு. சென்னைல இருக்கற சித்தி பையனுக்கு போன் போட்டு காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், அவன் கமெண்ட்ரி "ஐயோ", "அட ச்சே" இந்த ரெண்டு தான், அதுல யாருக்கு பாயிண்ட்னு நான் எங்க கண்டுபிடிக்கறது. கரண்ட் வந்தப்ப மேட்ச் முடிஞ்சுது, பரிசளிப்புல ரெண்டு பேருக்கும் நிக்க முடியாம ஆளுக்கொரு சேர் போட்டு உக்கார வச்சிருக்காங்க. 5 மணி 53 நிமிஷம் ஆடினா பின்ன? மூஞ்சிய வச்சே தெரிஞ்சுது நம்மாளு நடால் தோத்துட்டான்னு.

டீக்கடை பெஞ்ச்:
எல்லாம் சரி, அந்த தோசை என்னாச்சு?

குடந்தைக்காரி:
அப்பா தட்டுக்குத் தான் போச்சு. சேனல் மாத்தினது அவர் தானே.