ரோடு பைக் (மெல்லிய டயர் சைக்கிள்): பின் டியூப் அடிக்கடி பஞ்சர், ஆனால் முள் எதுவும் இல்லை

வேலைக்குப் போகும் வழியில் சாலை ஓரம் பெயர்ந்து கிடக்கிறது. அதனால் பாதித் தூரம் நடைபாதையில் ஏறி இறங்கித்தான் போகிறேன். 25 மி.மீ. டயர், அலுமினிய ரிம் (சக்கர வளையம்), என் எடை 70 கிலோ. பின் டியூப் மட்டும் அடிக்கடி போகிறது. டயரின் உள்பக்கம் துணியால் தடவிப் பார்த்தாயிற்று; முள்ளோ கண்ணாடியோ சிக்கவில்லை. கை அதிர்வதால் காற்றழுத்தத்தை 60 பிஎஸ்ஐ அளவில் வைத்திருக்கிறேன். டயரை மாற்றவா, சைக்கிளையே மாற்றவா?

பழைய பெடல்: டியூபில் ஓட்டை ஒன்றா, இரண்டா?

கேட்டவர்: இரண்டு, அண்ணா. பக்கத்துப் பக்கத்தில் சின்னக் கீறல் மாதிரி.

பழைய பெடல்: அப்படியானால் பாம்புக்கடி. நடைபாதை விளிம்பில் மோதும்போது டயர் நசுங்கி, டியூப் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரிம்மின் இரண்டு ஓரமும் கடிப்பதால் இரண்டு ஓட்டை. எடை பின்னால்தான் அதிகம், அதனால் பின் டியூப் முதலில் போகிறது. 25 மி.மீ. டயருக்கு, உங்கள் எடைக்கு 60 ரொம்பக் குறைவு. பின்னால் 85–90, முன்னால் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இந்த டியூபில் காற்று தானாகவே மெல்ல இறங்கும், வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மேட்டுச்சாலை: எதற்கு இவ்வளவு கணக்கு? 120 ஏற்றிவிடுங்கள், பஞ்சரே வராது.

பழைய பெடல்: வேண்டாம். பாம்புக்கடி குறையும், சரி. ஆனால் கரடுமுரடில் சக்கரம் துள்ளும், ஈரத்தில் பிடிப்பு போகும், இப்போதே அதிர்கிற கை இன்னும் அதிரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உண்மையான தீர்வு 28 மி.மீ. டயர்தான். இடம் இருக்கிறதா என்று ஆலன் கீ (அறுகோணச் சாவி) வைத்துப் பாருங்கள். இப்போதைய டயருக்குப் பக்கங்களில் 6 மி.மீ. கீயும், மேலே பிரேக்குக்கு அடியில் 8 மி.மீ. கீயும் தாராளமாக நுழைந்தால் மாற்றலாம்.

கோட்டம்: சக்கரத்தையும் ஒருமுறை சுற்றிவிட்டு, ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று கவனியுங்கள். உரசினால் கோட்டம் எடுக்க, அதாவது ரிம்மின் வளைவை நேராக்க வேண்டும். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தினால் தொளதொளப்பது கையிலேயே தெரியும்.

அப்புறம், விளிம்பில் சாய்வாக ஏறாதீர்கள். முன்சக்கரம் வழுக்கி ஆளையே தள்ளிவிடும். வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள். பெடல் இரண்டும் சமமட்டத்தில், முழங்கையும் முழங்காலும் மடங்கி, உட்காராமல். முன்சக்கரம் ஏறியதும் எடையை முன்னே தள்ளினால் பின்சக்கரம் லேசாக ஏறிவிடும். உட்கார்ந்தபடியே ஏறுவதுதான் பின் டியூபைக் கொல்கிறது.

நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள், பல ஊர்களில் கிடையாது. வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி வரும் கார்க்காரர் அங்கே வேகமான சைக்கிளை எதிர்பார்க்க மாட்டார்.

கேட்டவர்: பக்கத்தில் 6 நுழைகிறது. மேலே 5தான் போகிறது.

பழைய பெடல்: அப்போ 28 வேண்டாம், உரச வாய்ப்பிருக்கிறது. 25 மி.மீ. டயரிலேயே 90 வைத்து, விளிம்பு வரும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிளை விற்கத் தேவையில்லை.