தினமும் வயிற்றுவலி என்று சிக் ரூமுக்கு வரும் பையன், என்ன செய்வது?

அம்பத்தூர் சிஸ்டர்:
வணக்கம். எட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு இந்த ஜூனில்தான் ஒரு பள்ளியில் நர்ஸாகச் சேர்ந்தேன். சிராய்ப்பு, மூக்கில் ரத்தம், காய்ச்சல் எல்லாம் சமாளித்துவிடுகிறேன், வயிற்றுவலிதான் குழப்புகிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வாரமாக ஒரு நாள் விடாமல் மூன்றாவது பீரியடில் வருகிறான். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, அமுக்கிப் பார்த்தால் வயிறு சாஃப்டாகத்தான் இருக்கிறது. கிளாஸ் மிஸ் "நடிக்கிறான் சிஸ்டர், அனுப்பிடுங்க" என்கிறார். அவன் அம்மா போனில் "ஏதாவது ஒரு மாத்திரை கொடுத்துடுங்க" என்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்க மனம் வரவில்லை, சும்மா திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

மயிலாப்பூர் அக்கா:
மாத்திரை கொடுக்காதது சரிதான் சிஸ்டர். நான் பதினாலு வருஷமாக ஸ்கூல் நர்ஸ். முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்: எத்தனை மணிக்கு வந்தான், எந்த பீரியட், காலையில் என்ன சாப்பிட்டான், கடைசியாக எப்போது மோஷன் போனான். கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணமான காரணம். ஆறே முக்காலுக்கு வேன் வந்துவிடும், அரை டம்ளர் பாலோடு ஏறுகிறார்கள், பதினொரு மணிக்கு வயிறு பிசையாமல் என்ன செய்யும்? அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022இலிருந்து காலை உணவு போடுகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு லஞ்ச் பெல் வரை ஒன்றும் கிடையாது. அதனால் என் அலமாரியில் எப்போதும் மேரி பிஸ்கட் இருக்கும்.

ஆனால் தினமும் வருகிறவன்தானே என்று ஒரு நாளும் பார்க்காமல் அனுப்பாதீர்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது பக்கம் கீழே இறங்கினால், ஒரு தடவை குதிக்கச் சொன்னால் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டால், அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்று, பத்து வயசுக்கு மேல் ஆண் பிள்ளைகள் விதைப்பையில் வலித்தாலும் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். அங்கே முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும், தாமதமானால் விதையையே எடுக்க வேண்டி வரலாம். "கீழேயும் வலிக்குதாப்பா?" என்று தனியாக வைத்துக் கேளுங்கள்.

பெரம்பூர் வாத்தியார்:
நானும் ஒரு பையனை நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன், அது இன்றும் உறுத்துகிறது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தலைவலி என்பான். அந்த இரண்டு நாளும் பி.டி. பீரியட், பெரிய பையன்கள் அவனை அடித்திருக்கிறார்கள். பயத்தில் வந்தாலும் வலி நிஜ வலிதான். மிஸ்ஸிடம் தனியாகப் பேசுங்கள், பையன் காதுபட அந்த வார்த்தை வேண்டாம்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா:
அம்மாவையும் ஒரு தடவை நேரில் வரச் சொல்லுங்கள் சிஸ்டர். எங்களுக்கு நடு வேலையில் ஸ்கூலிலிருந்து போன் வந்தால் பதற்றத்தில் மாத்திரை என்றுதான் வாயில் வரும். என் பெண் ஸ்கூலில் சிஸ்டர் டைரியில் ரெண்டு வரி எழுதி அனுப்புவார், அதைப் பார்த்துத்தான் அவள் தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதைக் கவனித்தேன்.

அம்பத்தூர் சிஸ்டர்:
எல்லோருக்கும் நன்றி. நோட்டுப் போட்டு, தனியாக உட்கார வைத்துக் கேட்டேன், அக்கா சொன்ன மாதிரி கீழே வலி இருக்கிறதா என்றும் கேட்டேன், இல்லை என்றான். வீட்டிலேயே நாலு நாளைக்கு ஒரு தடவைதான் மோஷன் போகிறானாம். பள்ளியில் பாத்ரூம் பக்கமே போவதில்லை, அவர்கள் மாடியில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், யாராவது தள்ளித் திறந்துவிடுவார்கள் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். அவன் அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொன்னேன், மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஹெச்.எம்மிடம் பேசி நேற்று தாழ்ப்பாள் போட்டாயிற்று. அதுவரை ஸ்டாஃப் பாத்ரூமுக்கு நானே அழைத்துப் போனேன். இந்த வாரம் ஒரு நாள்தான் வந்தான், அதுவும் முட்டியில் சிராய்ப்பு.